குப்பியைக் கவிழ்த்துக் காட்டுகிறவர்களுக்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் நல்ல வார்த்தை அதிகம் இல்லை. இருந்ததை எல்லாம் என் பிரியாவிடை வைபவத்தில் பணிப்பாளரே பேசித் தீர்த்துவிட்டார். பொன்னாடை போர்த்தினார், குத்துவிளக்கு ஒன்றைக் கையில் தந்தார், என் பெயரைத் தப்பாகச் சொன்னார். நான் இப்போது வட்டவளையில் வீட்டோடு இருக்கிறேன். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். மற்ற நேரத்தில் கைபேசியில் உங்கள் சாதனைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பார்த்தவரையில் நீங்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறீர்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று. அதைத் தலைகீழாகப் பிடித்த ஒரு கை. உள்ளே அடியில் ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும் பழுப்பு ஜெல். ஊதா விளக்கில் அதிலிருந்து வரும் பச்சை ஒளி. பின்னால் எல்லாப் பல்லும் தெரிய ஒரு முகம். கீழே பதினைந்து பேர் கைதட்டியிருப்பார்கள். அதில் பத்துப் பேர் அதே படத்தை முந்திய வாரம் போட்டவர்கள். தாராளமாகச் சிரியுங்கள், வயசு அப்படி. ஆனால் அந்தக் குப்பியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நல்ல வார்த்தைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிராம், எவ்வளவு சூடு, என்ன அமிலம் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது கட்டுரைகளில் இருக்கிறது. யார் கழுத்தைப் பிடித்ததால் அந்தக் கட்டுரை அத்தனை அவசரமாக வந்தது என்பதுதான் கட்டுரையில் இருக்காது.

இன்னும் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற கட்டத்தில் இருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தொழிற்சாலையில் சலித்து ஒதுக்குகிற கழிவுத் தேயிலைத் தூளை, இறுக மூடிய இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரோடு வேகவைத்தால் பால் கலக்காத சாயத்தண்ணி நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். அதற்குள் கண்ணுக்கு அகப்படாத கரித் துகள்கள் இருக்கும். ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய முனைகள் இருக்கின்றன. அவற்றைக் கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அமிலம் சேர்த்து, குளிரில், ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிட்டால் துகள்கள் ஒன்றின் கையை ஒன்று பிடிக்கும். வலை மாதிரி ஆகி, தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் நம் ஜெல். பாதி உறைந்த தயிர் மாதிரி இருக்கும். ஆட்டினால் கலைந்துவிடும், சும்மா விட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளும். துகள்கள் தாமாகவே ஒன்று சேர்கின்றன என்று நாம்தான் எழுதுகிறோம். தாமாகச் சேர்ந்ததற்கு நாம் ஏன் மேடை ஏறி விருது வாங்குகிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த ஜெல்லை நாம் அலங்காரத்துக்குச் செய்யவில்லை. தண்ணீரில் செம்பு கலந்திருந்தால், துகள்களின் அதே கைகள் போய் அந்தச் செம்பைப் பிடிக்கும். பிடித்ததும் ஒளி அணைந்துவிடும். ஒளிர்ந்தால் பயமில்லை, இருண்டால் குடிக்காதே. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நம் மலைகளில் செம்புக்குக் குறைவில்லை. மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய்க்கு நீலத் தூளைக் கரைத்துத்தான் அடிக்கிறார்கள், அது செம்பு மருந்து. மழை அதைக் கழுவி எங்கே கொண்டுபோகும் என்று கேட்பதற்காகத்தான் நமக்குச் சம்பளம் தந்தார்கள்.

ஆனால் நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜெல் செய்தாயா என்று யாராவது கேட்டால் குப்பியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். விழாவிட்டால் ஜெல், விழுந்தால் வெறும் தண்ணீர். உலகம் பூராவும் இப்படித்தான். பெரிய பெரிய மேதைகள் எல்லாம் குப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வழக்கத்தில் தப்பில்லை. அந்த ஒரு கேள்விக்கு அது பதில் சொல்லும், அவ்வளவுதான். மற்ற எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில் என்று ஒரு பணிப்பாளர் நினைக்கத் தொடங்கும்போதுதான் பிரச்சினை வருகிறது.

எங்கள் பணிப்பாளர் அப்படி நினைத்தது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில். நிதி தருகிறவர்கள் வந்திருந்தார்கள். நான் மென்மையான ஜெல்லை ஒரு தட்டில் பரப்பி வைத்து, பக்கத்தில் விளக்கையும் வைத்திருந்தேன். பணிப்பாளருக்குத் தட்டு பிடிக்கவில்லை. தட்டில் என்ன வீரம் இருக்கிறது! என் பையிலிருந்து குப்பி ஒன்றை அவரே எடுத்தார். மலைப் பாதையில் ஜீப்பில் குலுங்கி வந்த குப்பி. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா விட்டால்தான் சேரும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், விருந்தாளி ஒருவரின் முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் கவிழ்த்தார். விருந்தாளி வெளிர் நிறத்தில் கோட் போட்டிருந்தார். வெள்ளைத் துணியில் தேயிலைச் சாயம் பட்டால் என்ன ஆகும் என்று மலைநாட்டில் பிறந்த யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்த மனுஷர் பாவம், சாயம் வழிந்த கையை மேசைக்கு மேலே நீட்டிப் பிடித்தபடியே மீதிக் கூட்டம் முழுக்க இருந்தார்.

அன்றைக்குப் பணிப்பாளர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மேடம், எனக்குக் கவுத்தா விழாத ஜெல் வேணும்."

"விழாதது வேணும்னா உள்ள குசினியில சொன்னா ஜெலி செஞ்சு குடுப்பாங்க சேர். நம்ம ஜெல் செம்பைக் கண்டுபிடிக்கிறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களிடம் பகிடி விடக்கூடாது என்பதை நான் ஓய்வு பெறும்வரை கற்றுக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகுதான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு நான் போனேன். அங்கே பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற பரமேஸ்வரி என்ற பெண், யார் யாரையோ பிடித்து என் இலக்கத்தைத் தேடி எடுத்திருந்தார். பிள்ளைக் காம்பரா என்றால் உங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம். நானும் அப்படி ஒரு காம்பராவில் தரையில் உருண்டு வளர்ந்தவள்தான். பரமேஸ்வரிக்கு முப்பது வயசு இருக்கும். ஒரு குழந்தை இடுப்பிலும் ஒன்று சேலையைப் பிடித்துக்கொண்டும் இருக்க, நின்றபடியே பேசினார்.

"புள்ளைங்க அடிக்கடி வாந்தி எடுக்குதுங்க மிஸ். நான் கொதிக்க வச்சுத்தான் குடுக்குறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா மருந்து குடுத்து அனுப்புறாங்க, வந்து மறுபடி எடுக்குதுங்க. தொரைகிட்டயும் சொன்னோம். பாப்போம்னாரு."

"தண்ணி எங்கேருந்து வருது?"

"பீலித் தண்ணிதான்." காம்பராவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். மேட்டில் ஊறுகிற ஊற்றுக்குக் குழாய் போட்டு இறக்கிய பீலி. அதற்கு மேலே தேயிலை மலை, அதன் ஓரத்தில் மருந்து கலக்குகிற சிமெந்துத் தொட்டி. "எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேணாம் மிஸ். இந்தத் தண்ணிய புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, குடுக்கக் கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

படித்தவர்களுக்கு இதைவிட மோசமான கேள்வி கிடையாது. சூழ்நிலையைப் பொறுத்தது, மேலும் ஆராய வேண்டும், வரம்புக்கு உட்பட்டது என்று பூசி மெழுக அதில் இடமே இல்லை.

பீலித் தண்ணீரை ஒரு குழிவான தட்டில் பிடித்து அதில் ஜெல்லைப் போட்டேன். குலுங்கி வந்ததால் அது குழைந்து போயிருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, விளக்கைக் காட்டினேன். ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே இருண்டுகொண்டு போனது. நான் ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுபோன நல்ல தண்ணீரில் போட்டது பச்சையாகவே இருந்தது.

"இப்போதைக்குக் கீழ் லயத்து வீடுங்க பக்கத்துத் தண்ணிய எடுங்க. நான் போய் ஒழுங்காப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பணிப்பாளரிடம் சொன்னபோது அவர் நான் கொண்டுவந்த தட்டைத்தான் பார்த்தார். குழைந்து, ஓரம் வழிந்த ஜெல். "ஒடஞ்சுபோன ஜெல் சொல்றதை எப்படி மேடம் நம்புறது?" என்றார். உடைந்தாலும் சேரும், அதுதான் அதன் குணம் என்றேன். நல்ல தண்ணீரில் இருளவில்லையே என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைக் கொழும்பில் ஒரு பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். நம் இடத்தில் ஒருவருடைய வாயை மூட வேண்டுமானால் பயிற்சிக்கு அனுப்புவார்கள். கொழும்பில் எனக்கு இரண்டு வாரம் தலைமைத்துவம் கற்றுத் தந்தார்கள். நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொன்னார்கள். சிரிக்காதீர்கள், இது பின்னால் வருகிறது.

நான் திரும்பி வந்த மறுநாளே, தண்ணீர் சுத்தம் என்று அறிவிக்க ஒரு வைபவம் வைத்திருந்தார்கள். எங்கே என்றால், அதே தோட்டத்தில், அதே பிள்ளைக் காம்பராவில். வாசலில் தொங்கவிடப் போகிற பதாகை வேனில் சுருட்டிக் கிடந்தது. 'தூய நீர், ஒளிரும் எதிர்காலம்' என்று போட்டிருந்தது. என் பக்கத்தில் ரிஸ்வான் உட்கார்ந்திருந்தார். ஹட்டனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்கார இரசாயனவியலாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மடியில் பெட்டியை வைத்திருந்தவர், பெருமை தாங்காமல் ஒரு குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். ஆட்டினார். தட்டினார். வேன் குழியில் விழுந்து எழும்பியபோதும் ஜெல் அசையவில்லை.

"எப்படி மிஸ்? கல்லு மாதிரி நிக்குது. நீங்க இல்லாதப்போ செஞ்சது. பீலித் தண்ணியில போட்டும் பாத்தாச்சு. அணையவே இல்ல. போன தடவ நீங்க கொண்டு போனது ஒடஞ்சதுனாலதான் இருண்டிருக்குன்னு சேர் சொன்னாரு."

"எப்படி இவ்வளவு இறுக்கமா வந்துச்சு?"

"கல்சியம் உப்பு போட்டோம் மிஸ். சேர்தான் சொன்னாரு."

"சரி. செம்பைக் காட்டிப் பாத்தீங்களா?"

ரிஸ்வான் குப்பியைப் பார்த்தார். "இல்ல மிஸ். நேரம் கெடைக்கல்ல. சேர் கவுத்துப் பாத்தாரு, சரின்னாரு."

கல்சியம் என்ன செய்யும் என்று உங்களுக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். அது துகள்களின் கைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடும். இறுக்கமாக வருவது அதனால்தான். எல்லாக் கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால், செம்பு வரும்போது பிடிக்க எந்தக் கை மிச்சம் இருக்கும்? அந்த ஜெல் நஞ்சுக்குள்ளே போட்டாலும் பச்சையாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். கொழும்பில் வட்டமாக நின்று கைகோத்தோமே, அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லோரும் கைகோத்து நிற்கிற அலுவலகத்தில் ஒரு கோப்பை தவறி விழுந்தால் பிடிக்க ஆள் இருக்காது.

ரிஸ்வானிடம் இதைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு குப்பியைக் கவிழ்க்கவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

தோட்டத்து வாசலில் இறங்கியதும் நேரே பணிப்பாளரிடம் போனேன். மாலைகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இந்த ஜெல்லுக்குச் செம்பு தெரியுமான்னே யாரும் பாக்கல்ல. இதை வச்சுத் தண்ணி சுத்தம்னு சொல்ல முடியாது. இன்னைக்கு நிறுத்துங்க."

"மேடம், பிரதம விருந்தினர் வந்துட்டு இருக்கார். பத்திரிகைக்காரங்க வந்தாச்சு. திங்கட்கிழமை ஒஃபிஸ்ல பேசுவம்."

"திங்கட்கிழமைக்குள்ள புள்ளைங்க குடிச்சிரும் சேர்."

"இவ்வளவு நாளும் குடிச்சுதானே இருக்குது?" என்றார் அவர். இந்த ஒரு வசனத்துக்காக அந்த மனுஷரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நெருக்கடி என்றால் ஏதோ வெடிக்கும், தீப்பிடிக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாதுகாப்புப் பயிற்சியில் அப்படித்தான் படம் போட்டுக் காட்டுவார்கள். நம் தொழிலில் நெருக்கடி மாலையும் மேளமுமாகத்தான் வரும். எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், உங்களைத் தவிர. அந்த நேரத்தில் வீர வசனம் பேசக்கூடாது. பேசினால் உங்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பிடித்த பாஷையில் பேச வேண்டும். அவர்களுக்குப் பிடித்தது காட்சி.

ரிஸ்வானை ஓரமாகக் கூப்பிட்டேன். "தோட்டத்து ஸ்டோர்ல தேயிலைக்கு அடிக்கிற நீலத் தூள் இருக்கும். ஒரு கரண்டி வேணும். உங்க வேல இன்னும் நிரந்தரமாகல்ல, அது எனக்குத் தெரியும். முடியாதுன்னா சொல்லுங்க, நானே போறேன்."

"நீங்க போனா சேர் பாத்துருவாரு மிஸ்" என்று சொல்லிவிட்டு ரிஸ்வான் நடந்தார். என்ன பொய் சொன்னாரோ, திரும்பி வரும்போது ஒரு காகிதப் பொட்டலம் கையில் இருந்தது.

பிள்ளைக் காம்பராவை இருட்டாக்கியிருந்தார்கள், ஜெல் ஒளிர்வது தெரிய வேண்டுமே. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகளை ஜன்னல்களில் தொங்கவிட்டிருந்தார்கள். முன்வரிசையில் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை, பணிப்பாளர், பிரதம விருந்தினர். சுவரோரமாகச் சின்னப் பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கொரு கோப்பையில் பீலித் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். சுத்தம் என்று அறிவித்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும். அதுதான் நிகழ்ச்சி நிரல். ஒரு குட்டிப் பெண்ணுக்குத் தாகம் போலும். கோப்பையை வாயருகே கொண்டுபோனது. "கொஞ்சம் இரும்மா" என்று பரமேஸ்வரி அதன் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அதே கேள்விதான்.

பணிப்பாளர் ஒரு கண்ணாடிக் கோப்பையில் பீலித் தண்ணீரை ஊற்றி, இறுகிய ஜெல்லைப் போட்டு, விளக்கைக் காட்டினார். பச்சை ஒளி வீசியது. கைதட்டல்.

நான் எழுந்தேன். "ஒரு சின்னக் காட்சி பாக்கி இருக்கு சேர்" என்றேன். பணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். காட்சி என்ற சொல்லைக் கேட்டால் அவர் எதையும் தடுக்க மாட்டார். பிரதம விருந்தினர் உற்சாகமாக, "செய்யுங்க, செய்யுங்க" என்றார்.

இன்னொரு கோப்பையை ரிஸ்வான் நீட்டினார். பொட்டலத்தை இருட்டில் அவரே அதில் கொட்டிக் கலக்கியிருந்தார். கண்ணாடியில் கரண்டி தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதே ஜெல்லில் ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். சபை முழுக்க எட்டி எட்டிப் பார்த்தது. நான் அவசரப்படவில்லை. என் பேச்சை நிறுத்த இருந்த ஒரே வழி விளக்கை அணைப்பது. அதை நான் பணிப்பாளரிடமிருந்து வாங்கி என் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு காட்டினேன். இரண்டு கோப்பையும் ஒரே மாதிரிப் பச்சையாக ஒளிர்ந்தன.

"ரெண்டும் சுத்தம்!" என்றார் பிரதம விருந்தினர். "தட்டுங்க, தட்டுங்க! எதை நான் குடிக்கட்டும்?" படம் எடுப்பவரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி, எனக்குப் பக்கத்தில் இருந்த கோப்பையைத் தூக்கினார்.

"அதைக் குடிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் ஜன்னல் சாக்கை இழுத்துவிட்டேன்.

வெளிச்சம் வந்தது. அவர் கையில் இருந்த தண்ணீர் நீலமாக இருந்தது. தோட்டத்தில் அந்த நிறம் தெரியாத ஆள் கிடையாது. வாசலில் நின்ற கொழுந்துப் பெண்கள்தான் முதலில் சத்தம் போட்டார்கள். "ஐயோ, அது மருந்துத் தண்ணி!"

"ஆமா, தேயிலைக்கு அடிக்கிற மருந்துதான்" என்றேன். "இந்த ஜெல்லுக்கு மருந்தும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான். இது நல்லா நிக்கும். கவுத்தா விழாது. ஆனா செம்பு தெரியாது. இது சொல்றதை வச்சு தண்ணி சுத்தம்னு நீங்க சொல்லவும் கூடாது, புள்ளைங்க குடிக்கவும் கூடாது."

பிரதம விருந்தினர் கோப்பையை, பாம்பைக் கீழே விடுகிற மாதிரி மெதுவாக மேசையில் வைத்தார். துரை கூரையைப் பார்த்தார். பணிப்பாளர் என் காதருகே வந்து, "இதைத் தனியா சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். வாசலில் தனியாகத்தான் சொன்னேன் என்று சொல்லக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

அப்போது பரமேஸ்வரி சுவரோரத்திலிருந்து கேட்டார். "மிஸ், அப்ப பீலித் தண்ணி?"

சபை என்னைப் பார்த்தது. உண்மையாகவே எனக்கு முழுசாகத் தெரியாது. என்னிடம் இருந்தது ஒரு தட்டில் குழைந்து கிடந்த ஜெல் ஒரு நாள் இருண்டது என்பது மட்டும்தான். அதை வைத்து ஒரு கட்டுரை எழுத முடியாது. ஒரு குழந்தையின் கையிலிருந்து கோப்பையை வாங்க அது போதும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் தயவுசெய்து வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள்.

"குடுக்காதீங்க" என்றேன். "சரியாத் தெரியுற வரைக்கும் ஒரு சொட்டும் குடுக்காதீங்க."

வைபவம் அதோடு முடிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நீங்கள் வைபவங்களைப் பார்த்ததில்லை. பிரதம விருந்தினர் வேறொரு கூட்டத்துக்குப் போக எழுந்தபோது, படம் எடுப்பவர் ஓடி வந்தார். "சேர், அந்தக் குப்பிப் படம் இன்னும் எடுக்கல்லயே." பிரதம விருந்தினர் நின்றார். பணிப்பாளர் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தார். ஆமாம், அதே ஜெல்தான், சற்று முன்னால் நஞ்சுக்குள் ஒளிர்ந்த அதே ஜெல். அவர் குப்பியைக் கவிழ்த்துப் பிடித்தார். விழவில்லை. இருவரும் சிரித்தார்கள். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

பீலித் தண்ணீரைக் கண்டிக்கு அனுப்பிப் பார்த்தோம். இருக்கக்கூடாத அளவு செம்பு இருந்தது. மருந்துத் தொட்டியைக் கழுவி ஊற்றுகிற தண்ணீர் நேரே ஊற்றில் இறங்கியிருக்கிறது. தொட்டியை இடம் மாற்றினார்கள், காம்பராவுக்கு வேறு ஓடையிலிருந்து குழாய் போட்டார்கள். உடனே இல்லை. பத்திரிகையில் வந்துவிடும் என்று பயந்த பிறகு. அதுவரை அப்பாக்கள் முறை வைத்துக் கீழிருந்து தண்ணீர் தூக்கினார்கள். வாந்தி நின்றுவிட்டதென்று பரமேஸ்வரி எனக்கு அழைத்துச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை, பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தில் சொல்லவும் முடியாது.

ரிஸ்வானுக்கு நிரந்தர நியமனம் வரவில்லை. திறமை போதாதாம். இப்போது ஹட்டனில் வாப்பாவின் கடையில் நிற்கிறார். நான் போனால் பிளேன்டீ வாங்கித் தருவார், அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். அவரை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நான் நன்றாகவே கரை சேர்ந்தேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, பொன்னாடை கிடைத்தது. எனக்காகப் பொட்டலத்தைக் கொண்டு வந்தவருக்குத்தான் வேலை போனது. நியாயம் கிடைத்தது என்று எழுதி இந்தக் கட்டுரையை இனிப்பாக முடிக்க நான் ஆள் இல்லை. பணிப்பாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, அது உங்களுக்கே தெரியும்.

அந்தப் படத்தை மட்டும் உங்களில் ஒருவரும் சரியாகப் பார்த்ததில்லை. நம் ஆய்வுகூடத்து வாசலில், கைரேகை வைக்கிற இயந்திரத்துக்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழே விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறீர்கள். நடுவில் இரண்டு பேர் கவிழ்த்த குப்பியோடு சிரிக்கிறார்கள். நாளைக் காலை சற்று நின்று, படத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பெண்ணின் கை மட்டும் தெரியும், முழங்கைக்கு மேலே படத்தை வெட்டிவிட்டார்கள். அது பரமேஸ்வரியின் கை. பிள்ளைகளிடமிருந்து வாங்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பையிலிருந்து தண்ணீர் விழுவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது.